இலையுதிர் காலத்து மாண்ட்ரியலும் ஒட்டிவைத்த ஒரு படமும்

மேப்பிள் இலைகளோடு எனக்கு மூன்று வருடப் பகை. படிக்க வந்த முதல் அக்டோபரில் பரீட்சை. இரண்டாவது அக்டோபரில் ஆசை ஆசையாகக் கிளம்பிப் போனால், முந்தின நாள் அடித்த காற்றில் மரமெல்லாம் மொட்டை. மூன்றாவது முறை உஷாராக ஒரு வாரம் முன்னாலேயே போய், பச்சைப் பசேலென்று நின்ற காட்டை முறைத்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து என் தம்பி, "என்னக்கா, கொடைக்கானல் போயிருந்தியா?" என்று கேட்டான். அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த வருடம் விடுவதில்லை என்று.

இந்த முறை எனக்கு உளவு சொன்னது பிரதீபன். நான் டொராண்டோவில் படித்த முதல் வருடம் ஒரே காபிக் கடையில் மாலை நேர வேலை பார்த்தோம். யாழ்ப்பாணத்துக்காரன். பிறகு மாண்ட்ரியலில் விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து, சென்ட் லோரன்ட் பகுதியில் வாடகை வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அக்டோபர் தொடக்கத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, இஞ்ச மரம் எல்லாம் நெருப்புப் பிடிச்ச மாதிரி நிக்குது. வாறதெண்டா வாற சனி ஞாயிறு வாங்கோ. பிந்தினா ஒண்டும் மிஞ்சாது."

"கண்டிப்பா வர்றேன்" என்றேன்.

"வந்தா எனக்கு ஒரு படம் செய்து தரோணும். எடுத்துத் தாறதில்லை, செய்து தாறது. நேரில சொல்லுறன்."

தேங்க்ஸ்கிவிங் விடுமுறையோடு சேர்த்து சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள். வெள்ளி மதியம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு டொராண்டோவில் ரயில் ஏறினேன். ஏறத்தாழ 540 கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம். பேருந்து மலிவு, ஆனால் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டினால் ஏழு மணி நேரமும் ஆகும். ரயிலில் இடது பக்க சன்னல் ஓரம் வேண்டாம், வலது பக்கம் பிடியுங்கள். கிங்ஸ்டன் வரை அங்கங்கே ஏரி தெரியும். நான் இடது பக்கம் உட்கார்ந்து மூன்று மணி நேரம் கிடங்குகளையும் சோளக்காட்டையும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை மூட்டமும் தூறலுமாக விடிந்தது. விடுதி வரவேற்பறையில் இருந்த இரண்டு பெண்கள் வானத்தைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். புதிதாகப் படமெடுக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இலையுதிர் காலத்துக்கு நல்ல வெயிலைவிட நல்ல மூட்டம் மேல். வெயிலில் இலை பளபளத்து வெள்ளையடிக்கும். நனைந்த இலையில்தான் நிறம் ஊறி நிற்கும். லென்ஸ் முன்னால் ஒரு போலரைசர் கண்ணாடியைப் போட்டுத் திருப்பினால் மிச்சமிருக்கும் பளபளப்பும் போய்விடும்.

மெட்ரோவில் மோன்ட்-ரோயல் நிலையத்தில் இறங்கி, பிளாட்டோ வட்டாரத்துத் தெருக்களில் நாலு மணி நேரம் சுற்றினேன். இந்த ஊர் வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியே இருக்கும். இரும்புப் படிகள் நடைபாதையிலிருந்து வளைந்து நெளிந்து இரண்டாம் மாடிக்கு ஏறும். அந்தப் படியிலும் செங்கல் சுவரிலும் கொடி படர்ந்து, அது அப்படியே குங்குமச் சிவப்பாக மாறியிருந்தது. ஒரு தெரு முழுக்க இப்படி என்றால் ஆள் எந்தப் பக்கம் திரும்புவது? முதல் அரை மணி நேரம் காமிராவைத் தொடாமல் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

மதியம் மூலைக் கடையில், இங்கே அதை தெப்பனர் என்பார்கள், ஒரு காபி வாங்கிக்கொண்டு 11ஆம் எண் பேருந்தில் மோன்ட்-ரோயல் மலைக்கு ஏறினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு இரண்டே சொல், போன்ஷூர், மெர்சி. ஓட்டுநரிடம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மலை மேலுள்ள ஏரி வந்தால் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் இறங்குவார்கள், அவர்கள் பின்னால் போங்கள்" என்றார். அப்படியே நடந்தது. மலை உச்சியில் நகரத்தைப் பார்க்கும் முகப்பு மேடை இருக்கிறது. கீழே உயரக் கட்டடங்கள், அதற்கு அப்பால் ஆறு, நமக்கும் கட்டடங்களுக்கும் நடுவே மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்பும் கலந்த மரத்தலைகள். ஊருக்கு நடுவில் இப்படி ஒரு காட்டை விட்டுவைத்த புண்ணியவான்களை மனதார வாழ்த்தினேன்.

சாயங்காலம் பிரதீபன் வேலை முடித்து, ஒரு பை நிறைய மட்டன் ரோல்ஸோடு விடுதிக்கு வந்தான். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னான்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் யாழ்ப்பாணம் போய் வினோதினியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் முன்பள்ளி ஆசிரியை. இருவரும் சேர்ந்து இருந்தது ஆறு வாரம். அவன் திரும்பி வந்து அவளை இங்கே அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டான். அது வரிசையில் நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. இன்னொரு முறை போய்வர லீவு அமையவில்லை. முதல் அக்டோபரில் மலைக்குப் போய் வீடியோவில் இலைகளைக் காட்டி, "அடுத்த முறை நீர் இதுக்குள்ள நிப்பீர்" என்று சொன்னானாம். போன அக்டோபரிலும் அதையே சொன்னானாம்.

"இந்தமுறை சொல்ல வாய் வரேல்ல அக்கா. அவவும் இப்பெல்லாம் கனக்கக் கதைக்கிறேல்ல. சாப்பிட்டீங்களோ, ஓம், சரி, வைக்கிறன். அவ்வளவுதான். சொன்ன சொல்லைக் காப்பாத்த எனக்கு வேற வழியில்லை. நானும் அவவும் மலையில நிக்கிற மாதிரி ஒரு படம் செய்து தாங்கோ."

நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. வெளிநாட்டிலிருந்து வரமுடியாத அண்ணனைக் கல்யாணக் குடும்பப் படத்தில் ஓரமாக ஒட்டி வைக்காத ஸ்டூடியோ உண்டா? கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக அந்த அண்ணன்கள் எத்தனை வரவேற்பறைச் சுவர்களிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நான் அப்படி ஒட்டுகிற ஆள் இல்லை. அலுவலகத்தில் மென்பொருளைச் சோதிப்பது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் படங்களைக் கூட்டிக் கழித்துக் கோலம் போடுவது என் பைத்தியம். செய்தால் கண்டுபிடிக்கவே முடியாதபடி செய்ய வேண்டும் என்று அங்கேயே வீம்பு பிடித்துவிட்டது.

ஒட்டுப்படத்தில் நம்மைக் காட்டிக்கொடுப்பது வெளிச்சம். ஆளின் மீது விழும் வெளிச்சமும் பின்னணியின் வெளிச்சமும் ஒரே பக்கமிருந்து, ஒரே உயரத்திலிருந்து வரவேண்டும். அக்டோபரில் மாண்ட்ரியலின் காலை வெயில் தாழ்ந்து, சாய்ந்து வரும். யாழ்ப்பாணத்து வெயில் உச்சி மண்டையில் இறங்கும். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நேர வித்தியாசம் கைகொடுத்தது. அவர்கள் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் முன்னால். இங்கே காலை ஏழே முக்கால் என்றால் அங்கே மாலை ஐந்தே கால். இங்கே சூரியன் ஏறிக்கொண்டிருக்கும்போது அங்கே இறங்கிக்கொண்டிருக்கும், கிட்டத்தட்ட ஒரே உயரத்தில். இங்கே நான் வடக்கே பார்த்து எடுத்தால் வெயில் வலப்பக்கமிருந்து வரும். அங்கே தெற்கே பார்த்து எடுத்தால் அதுவும் வலப்பக்கமிருந்தே வரும். இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த பெருமையை மட்டன் ரோல்ஸ்கூட அடக்க முடியவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு பிரதீபனின் காரில் மலைக்குப் போனோம். வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மலை மேல் கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, இயந்திரத்தில் கார்டு போட்டால் போதும். பீவர் ஏரியை ஒட்டிய புல்வெளியில் ஒரு பெரிய மேப்பிள் மரத்தைப் பிடித்தோம். பாதி இலை மரத்தில், பாதி தரையில். இதுதான் பக்குவம், முழுக்க மரத்தில் இருந்தாலும் அழகில்லை, முழுக்க விழுந்தாலும் அழகில்லை. குளிர் எட்டு டிகிரி.

போனில் வினோதினியை வீடியோவில் அழைத்தான். அவளுடைய அக்கா படமெடுக்கத் தயாராக நின்றாள். கல்யாணத்துக்குப் போனபோது பிரதீபன் அவளுக்கென்று இங்கிருந்து ஒரு குளிர்க் கோட் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு வருடமாக அலுமாரியில் பூச்சி உருண்டையோடு கிடந்த அந்தக் கோட்டை இப்போது முதல் முறையாக வெளியே எடுத்திருந்தார்கள். நல்ல வேளை, கருநீலம். சிவப்பு இலைக்கு முன்னால் சிவப்பு உடுப்புப் போட்டு நிற்காதீர்கள், ஆள் காணாமல் போய்விடுவீர்கள்.

"அக்கா, உந்தக் கோட்டைப் போடத்தான் வேணுமோ? சரியான வெக்கை" என்றாள் வினோதினி என்னிடம்.

"இங்க எட்டு டிகிரி. நீங்க பருத்திச் சேலையோட நின்னா பாக்கறவங்களுக்கு நடுக்கம் வந்துடும்" என்றேன்.

"உங்கட படத்தில குளிர் தெரியோணும் எண்டதுக்காக நான் இஞ்ச அவியிறன்."

பின்னால் அவள் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரதீபன், "கொஞ்சம் சிரியும்" என்றான்.

"உங்களுக்கென்ன, நீங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டாச் சரி."

அவன் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். இடது கையை, இல்லாத ஓர் ஆளின் தோளைச் சுற்றிப் போட்டபடி. கையின் உயரம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும்போது தொங்கும் அல்லது மிதக்கும். என் காமிரா முக்காலியை நிறுத்தி, "அவங்க எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன்.

"என்ர காது மட்டும் வருவா" என்றான்.

போனிலிருந்து குரல் வந்தது. "காது மட்டுமோ? நான் உங்கட தோள் மட்டும்தான் வருவன். அதுக்குள்ள மறந்து போச்சோ?"

முக்காலியை அவளுடைய தோள் வரும் உயரத்துக்கு இறக்கினேன். அதன்மேல் கையை வைக்கச் சொல்லி, அளவு பிடிபட்டதும் முக்காலியை எடுத்துவிட்டேன். கை அப்படியே நின்றது.

அந்த நேரம் நாயோடு நடந்து வந்த ஓர் அம்மாள் நின்று பார்த்துவிட்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். பிரதீபன் தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில் பதில் சொன்னான். அவர் தலையசைத்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு, அவன் கைக்குக் கீழே இருந்த வெறும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"இது என்ர மனிசி நிக்கிற இடம் எண்டனான்."

இந்த ஊரில் எனக்குப் பிடித்துப்போனவற்றில் அந்த அம்மாள் சுற்றிப் போன நாலடித் தூரமும் ஒன்று. பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் வேலை முடிந்தது. வினோதினியின் அக்கா அனுப்பிய படங்களில் வெயில் வலப்பக்கமிருந்து அழகாக விழுந்திருந்தது.

அன்று பகலெல்லாம் லஷீன் கால்வாய்க் கரையில் நடந்து எனக்காகப் படமெடுத்தேன். அங்கே ஒரு விளையாட்டுச் செய்து பாருங்கள். காமிராவில் ஷட்டரை அரை நொடிக்குத் திறந்துவைத்து, அழுத்தும்போது காமிராவை மேலிருந்து கீழாக மெல்ல இழுங்கள். மரங்கள் நிறக் கோடுகளாக ஓடி, ஈரச் சாயத்தில் பட்டுப்புடவையைத் தோய்த்து எடுத்தாற்போல வரும். பத்தில் ஒன்பது குப்பை. பத்தாவதைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

மாலை நாலு மணிக்கு விடுதியின் பொது அறையில் மடிக்கணினியைத் திறந்தேன். எடிட்டிங் செய்பவர்களுக்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன், மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். வெட்டி எடுப்பது இன்று பெரிய வேலையே இல்லை, மென்பொருளே செய்துவிடும். தலைமுடி ஓரம் மட்டும் கையால் சரிசெய்ய வேண்டும். வினோதினியின் நெற்றி வியர்வையைத் துடைத்தேன், ஆனால் முகத்தின் நிறத்தை வெளுக்கவில்லை; அந்தக் கெட்ட பழக்கத்தை நாம் என்றைக்கோ விட்டிருக்க வேண்டும். அங்கத்து வெயில் கொஞ்சம் மஞ்சள், அதை இங்கத்து வெயிலுக்கு இறக்கினேன். காலில் செருப்பு இருந்தது, அதன் மேல் தரையிலிருந்து ஒரு பிடி இலைகளை அள்ளிப் போட்டேன். கடைசியாக ஒன்று. தரையெல்லாம் சிவப்பு இலை கிடக்கும்போது அதன் சாயல் ஆளின் தாடைக்கு அடியில் ஏறும். பிரதீபனின் தாடையில் இருந்தது, வினோதினியின் தாடையில் இல்லை. மெல்லிய தூரிகையால் அந்தச் சிவப்பைத் தீட்டியதும் அவள் மாண்ட்ரியலுக்கு வந்துவிட்டாள். இலைகளின் சிவப்பை மட்டும் கூட்டாமல் குறைத்தேன். இலைப்படங்களில் எல்லோரும் செய்கிற பிழை நிறத்தை ஏற்றிக்கொண்டே போவது. கேசரிப் பவுடர் கொட்டின மாதிரி ஆகிவிடும்.

ஆறரை மணிக்குப் படத்தை அனுப்பினேன். பிரதீபன் உடனே போனில் அழைத்தான். "அக்கா, அவ இஞ்ச நிக்கிறா" என்றான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்று நினைத்தேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு இன்னொரு காபி குடித்தேன்.

திங்கட்கிழமை விடுமுறை. காலை எட்டரைக்கு பிரதீபன் என்னை டொலார்ட் பக்கம் புவா-டி-லியஸ் என்ற இயற்கைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நகரத்து விளிம்பில் இப்படி ஒரு காடு இருப்பது சுற்றுலாப் பயணிகள் பலருக்குத் தெரியாது. சின்ன ஓடை, மரப்பாலம், தலைக்கு மேலே மஞ்சள் கூரை. வெயில் இலைகளுக்குப் பின்னாலிருந்து வந்ததால் ஒவ்வோர் இலையும் விளக்குப் போட்டாற்போல இருந்தது. நான் மல்லாந்து படுத்து மேலே பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பிரதீபனின் போன் அடித்தது.

அவன் கையுறையைக் கழற்ற முடியாமல் ஒலிபெருக்கியில் போட்டான். வினோதினி.

"நீங்கள் அந்தப் படத்தை ஸ்டேட்டஸில போட்டனீங்களோ?"

"ஓம். வடிவா இருந்துது, போட்டனான். உமக்குப் பிடிக்கேல்லையோ?"

"விடிய ஆறு மணியில இருந்து போன் அடிக்குது. சின்னம்மா அழுதழுது வீட்டை வந்தவ. ஒரு வார்த்தை சொல்லாமல் பிளேன் ஏறிட்டாளே எண்டு அம்மாவோட சண்டை பிடிக்க வந்தவ. நான் முத்தத்தில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிக்கிறன். என்னைக் கண்டவுடன அவவுக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல. எனக்கும் தெரியேல்ல."

நான் எழுந்து உட்கார்ந்தேன். தலையிலிருந்த இலையைக்கூடத் தட்டவில்லை.

"முன்பள்ளிக்குப் போனா, புது ரீச்சர் ஆர் எண்டு பிள்ளையளின்ர தாய்மார் கேக்கினம். ரெண்டு வருசமா எப்ப போறாய், எப்ப போறாய் எண்டு கேட்டு, இப்பதான் சனம் கேக்கிறதை விட்டது. நானும் கொஞ்சம் நிம்மதியா றோட்டில நடந்து திரிஞ்சன். இண்டைக்கு முதல்ல இருந்து தொடங்கீட்டினம். இப்ப கேள்வியும் வேற. விசா சரிவராதெண்டபடியாத்தான் அவர் உன்னைப் படத்தில ஒட்டி வைச்சிருக்கிறாரோ எண்டு கேக்கினம்."

பிரதீபனின் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த இலைக் குவியலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று அத்தனை கணக்குப் போட்ட எனக்கு, படம் எங்கே போய் விழும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக ஒட்டும் ஸ்டூடியோக்காரர் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. அவர் ஒட்டினால் ஒட்டியது தெரியும்.

"வினோதினி, நான்தான்... மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"உங்களில பிழையில்லை அக்கா. நீங்கள் கெட்டித்தனமாச் செய்திட்டியள். கெட்டித்தனம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"இப்பவே அழிச்சு விடுறன்" என்றான் பிரதீபன்.

"அழிச்சா ஏன் அழிச்சவர் எண்டு கேப்பினம். இரண்டு பேருக்கும் சண்டையாம் எண்டு நாளைக்குக் கதை வரும்."

ஒரு குடும்பம் பாலத்தைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தோம். பிறகு அவளே கேட்டாள்.

"அக்கா, என்னை ஒட்ட முதல் எடுத்த படம் உங்களிட்ட இருக்கோ?"

என் போனில் இருந்தது. அனுப்பினேன். புல்வெளி, மரம், பிரதீபன், காற்றில் நிற்கும் ஒரு கை. அவள் பார்த்துவிட்டாள் என்று என் போன் காட்டியது. கடைசியில் குரல் வந்தபோது அதில் கோபம் இல்லை.

"இப்பிடியே நிண்டனீங்களோ? சனம் போய்வாற இடத்தில?"

"ஓம்" என்றான் அவன்.

"இதைப் போடுங்கோ."

"விசரே உமக்கு? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் இன்னும் வரேல்ல எண்டு சனத்துக்குத் தெரியட்டும். இஞ்ச நிக்கிறதில எனக்கொரு வெக்கமும் இல்லை. அங்க எனக்கு இடம் இருக்கெண்டும் தெரியட்டும்."

பிரதீபன் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினான். பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டான். கீழே என்னவோ எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான், அதையும் அழித்தான். வெறும் படமாகவே போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் ஓடையைப் படமெடுக்கப் போனேன். அந்தப் படங்கள் ஒன்றும் தெளிவாக வரவில்லை.

நான் எடுத்துவைத்த பொருள்களைக் காருக்குக் கொண்டுபோகும்போது அவன் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தான். சாப்பிட்டீங்களோ, ஓம், சரி, வைக்கிறன் என்று முடிகிற பேச்சாக அது தெரியவில்லை. ரயில் நிலையம் வரும்வரை நீண்டது. கோட்டை மறுபடி பூச்சி உருண்டையோடு வைப்பதா, வெளியே தொங்கவிடுவதா என்பது வரை கதைத்தார்கள்.

இனி, போகத் திட்டமிடுகிறவர்களுக்கு. அக்டோபர் முதல் வாரக் கடைசியிலிருந்து மூன்றாம் வாரம்வரை போகலாம், இரண்டாம் வாரம் உத்தமம். ஆனால் கிளம்புமுன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் மரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், இணையத்தை நம்பி நான் இரண்டு முறை ஏமாந்தேன். விடுமுறை வாரத்தில் ரயில் சீட்டு கடைசி நேரத்தில் தாறுமாறாக ஏறும். மூன்று வாரம் முன்னதாக எடுத்தால் போகவர நூற்று முப்பது டாலரில் முடியும். ஊருக்குள் சுற்ற மெட்ரோ, பேருந்து இரண்டுக்கும் செல்லும் வார இறுதிச் சீட்டு பதினைந்து டாலரைச் சற்றுத் தாண்டும். அது திங்கள் விடியற்காலையோடு முடிந்துவிடும், நீண்ட விடுமுறை என்றால் திங்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும். மலைக்கு விடிந்தவுடன் போங்கள், பத்து மணிக்கு மேல் கல்யாண ஜோடிகளின் கூட்டம் தாங்காது. கையுறை விரல் நுனி திறக்கிற மாதிரி வாங்குங்கள்.

எடிட்டிங் பற்றி ஒரே ஒரு சொல். நிறத்தை மாற்றுங்கள், கோடாக இழுங்கள், இலையை நீலமாக்குங்கள், யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஓர் ஆளை இல்லாத இடத்தில் நிறுத்துமுன் அந்த ஆளைச் சுற்றி இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். அப்படிச் செய்த படம் விசாக் கோப்புப் பக்கம் தப்பித் தவறியும் போகக்கூடாது. ஒட்டாமல் வைத்திருக்கும் மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

இந்தப் பதிவை எழுத வினோதினியிடம் அனுமதி கேட்டேன். எழுதுங்கோ என்றாள். எந்தப் படத்தைப் போடலாம் என்று கேட்டேன். நான் ஒட்டிய படம் வேண்டாம், மற்றதைப் போடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை என்று குரல் பதிவு அனுப்பினாள்.

"கீழ இரண்டு பேரின்ர பேரும் வரோணும் அக்கா."

மேலே இருப்பது அந்தப் படம்தான். நிறத்தைக்கூடத் தொடவில்லை. இடமிருந்து வலம்: பிரதீபன், வினோதினி. மோன்ட்-ரோயல் மலை, மாண்ட்ரியல்.